ஊர்த்திரையிலிருந்து கைத்திரைக்கு: திண்டுக்கல் வட்டாரச் சிறுவர்களின் மாலைப்பொழுது

திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த ஆத்தூர், நிலக்கோட்டை, வேடசந்தூர் சமவெளியிலும் சிறுவர்களின் மாலைப்பொழுது முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. தெருவிலிருந்து ஊர்ப்பொதுத் திரைக்கும், அங்கிருந்து வீட்டுக் கூடத்துக்கும், கடைசியில் உள்ளங்கைக்கும் அது வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பிள்ளைகள் ஒருவரோடொருவர் பழகும் நேரம் சுருங்கியது.

திரை வருமுன் மாலை என்றால் விளையாட்டு. மந்தையிலும் களத்துமேட்டிலும் கிளித்தட்டு, கிட்டிப்புள், பச்சைக்குதிரை. திண்ணையில் புளியங்கொட்டையை வைத்துப் பல்லாங்குழி, தாயம், தட்டாங்கல். ஆட்டம் தொடங்குமுன் சாட் பூட் திரி போட்டு அணி பிரிப்பார்கள். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டினானா, கிளி தொட்டதா என்று சண்டை வரும். தீர்த்துவைக்க நடுவர் கிடையாது. பேசித் தீர்த்தால்தான் ஆட்டம் தொடரும். விட்டுக்கொடுப்பதும் தோல்வியைத் தாங்குவதும் பிள்ளைகளுக்கு அங்கேயே பழகின. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம், கைவேலையும் கூட்டுவாழ்வும் கலந்த ஆதாரக் கல்வியின் வழியே இந்தப் பழக்கத்தைப் பள்ளிக்குள்ளும் வளர்த்தது.

முதல் திரை, ஊர் கூடிப் பார்த்த திரை. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொட்டகை போட்டார். அந்த வழியில் வந்த டூரிங் டாக்கீஸ் பின்னாளில் தமிழ்நாட்டுக் கிராமங்களின் பொழுதுபோக்காயிற்று. இருட்டிய பின்தான் படம் ஓடும். தரை டிக்கெட் எடுத்த பிள்ளைகள் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவார்கள். பின்னால் இருப்பவருக்கு மறைத்தால் மேட்டைக் கலைக்க வேண்டும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் பேச்சுமாகப் பொழுது போகும். படம் முடிந்தால் திரை இருண்டுவிடும். மறுநாள் கதை பிள்ளைகளின் வாயில் ஓடும்.

அடுத்து வந்தவை பஞ்சாயத்து ரேடியோவும் பஞ்சாயத்து டிவியும். 1975-இல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது. கொடைக்கானலில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்த பின் மலையடிவாரச் சமவெளிக்குப் படம் தெளிவாகக் கிடைத்தது. ஊர்ப் பொதுவிடத்தில் கதவுள்ள பெட்டிக்குள் டிவி இருக்கும், சாவி பொறுப்பாளரிடம். மாலையில் பூட்டைத் திறப்பார், நிகழ்ச்சி முடிந்ததும் பூட்டிவிடுவார். திரைக்கென்று ஓர் இடமும் ஒரு நேரமும் இருந்தன. இரண்டையும் ஊர் காத்தது.

இரண்டாம் மாற்றம் டிவி வீட்டுக்குள் வந்தபோது நேர்ந்தது. 1993-இல் சன் டிவி தொடங்கியது. கேபிள் இணைப்பு தெருத்தெருவாகப் பரவியது. 2006-இல் தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மாநிலமெங்கும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. ஏழை வீட்டுப் பிள்ளை அடுத்த வீட்டு வாசலில் நின்று எட்டிப்பார்க்கும் நிலை மாறியது பெரிய ஆறுதல். ஆனால் பஞ்சாயத்து டிவியின் முன் கூட்டம் கலைந்தது. நிகழ்ச்சி நாள் முழுதும் ஓடியதால் நிறுத்தும் நேரமும் மறைந்தது. ஆனாலும் குடும்பம் சேர்ந்தே பார்த்தது. பிள்ளை என்ன பார்க்கிறது என்பது பெரியவர்களுக்குத் தெரிந்தது.

மூன்றாம் மாற்றம் செல்போன். 2016-க்குப் பின் டேட்டா விலை சரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட, 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியும் செல்போனும் வகுப்பறைகளாயின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை பள்ளிக்குத் திரும்பவில்லை. ஏறத்தாழ 19 மாதங்கள். பாடத்துக்காகக் கைக்கு வந்த போன், பாடம் முடிந்த பிறகும் கையிலேயே தங்கியது. நூற்பாலைக்கும் வயல்வேலைக்கும் போகும் பெற்றோருக்குப் பிள்ளையை வீட்டில் இருத்த அதுவே எளிய வழியாகவும் ஆனது. அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. முன்பு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட தெருவும் திண்ணையும் இப்போது அவர்களுக்குத் துணையாக இல்லை.

இழந்ததை மீட்கும் முயற்சியும் அந்த நெருக்கடியிலிருந்தே பிறந்தது. 2021 அக்டோபர் 27-இல் விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளையில் குடியிருப்புகளிலேயே பிள்ளைகளைக் கூட்டி, பாட்டும் கதையும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். மாலைப்பொழுது மீண்டும் கூடிப் பழகும் பொழுதானது.

உலக சுகாதார அமைப்பு 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் கூறுகிறது. நேரத்தைக் குறைப்பதோடு, குறைத்த நேரத்தை நிரப்ப ஆளும் இடமும் வேண்டும் என்பது இந்த வட்டாரத்தின் பட்டறிவு. போனுக்குக் கூடத்தில் ஓர் இடம், அணைக்க ஒரு நேரம், பெரியவரும் உடன் உட்கார்ந்து பார்க்கும் வழக்கம், மாலையில் கூடி விளையாட ஒரு திடல்: பஞ்சாயத்து டிவி காலத்தில் ஊர் செய்த ஏற்பாட்டை இன்று வீடும் தெருவும் பள்ளியும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.