மிருதுவான உலோகம்

திருவண்ணாமலையில், ரமணாசிரமம் தாண்டிச் செங்கம் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது, நான் ஏறியிருந்த பழைய அம்பாஸடர் டாக்ஸி 'டக் டக்' என்று தட்ட ஆரம்பித்தது. டிரைவர் சட்டென்று இன்ஜினை நிறுத்திவிட்டார். மனைவியின் சங்கிலியை அடகு வைத்து இன்ஜின் வேலை பார்த்துப் பத்து நாள்கூட ஆகவில்லையாம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டோம். கிழ மெக்கானிக் அடியில் படுத்து, கனெக்டிங் ராடு பேரிங்கைக் கழற்றி எடுத்தார். உள்பக்கம் முழுவதும் கீறிக் கிடந்தது.

"எங்கக்கா பையன்தான் சார் பேரிங் வாங்கியாந்தான். மட்டமான சரக்கை வாங்கிட்டு மீதியை அமுக்கிட்டான்" என்றார் டிரைவர். குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம்.

இந்தச் சின்னஞ்சிறு தகட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் பொற்கொல்லராக இருந்த ஐசக் பாபிட், சுழலும் தண்டைத் தாங்கும் இடத்துக்கு மிருதுவான உலோகத்தால் உள்பூச்சு அமைக்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரால் வழங்கும் உலோகம் பெரும்பாலும் வெள்ளீயம். கொஞ்சம் செம்பும் ஆண்டிமனியும் சேரும். இரும்பைத் தாங்க ஈயமா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் தூசி வந்தால் அதைத் தன்னுள் புதைத்துக்கொண்டு, விலை உயர்ந்த தண்டைக் காப்பாற்றுவது அந்த மிருதுதான்.

இங்கிலாந்தில் பீச்சாம் டவர் என்பவர் ரயில் அச்சுகளின் தாங்கிகளைச் சோதித்தார். தாங்கியின் உச்சியில் அவர் போட்ட துவாரம் வழியாக எண்ணெய் மேலே பொங்கி வந்தது. மரக்கட்டையால் அடைத்தார், கட்டையையே தள்ளிவிட்டது! 1883-இல் இதை வெளியிட்டார். சுழலும் தண்டு எண்ணெயைக் குறுகிய இடுக்குக்குள் இழுத்து, அதன் அழுத்தத்தில் தானே மிதக்கிறது என்று 1886-இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் கணக்குப் போட்டு விளக்கினார்.

கார் இன்ஜினில் அந்த இடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. புதுப்பித்த இன்ஜினில் பேரிங் போவதற்குக் காரணங்கள் பல: அளவு பொருந்தாமை, ராடு மூடிகள் இடம் மாறுதல், எண்ணெய் ஏறுமுன் ஓட்டுதல். எல்லாவற்றையும்விட வேடிக்கையானது ஒன்று: பழுது நீக்குவதற்காகக் கிராங்க் ஷாஃப்டை அரைக்கும்போது உதிரும் பொடியே எண்ணெய்த் துவாரங்களில் தங்கிவிடுகிறது. அளவுக்கு மிஞ்சிய பொடியை எந்த மிருதுவான உலோகமும் விழுங்க முடியாது.

கிழவர் கிராங்கின் துவாரத்தில் ஒரு கம்பியை நுழைத்து இழுத்தார். நுனியில் கறுப்பாகக் களிம்பு ஒட்டியிருந்தது. விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்து, டிரைவரின் உள்ளங்கையிலும் தடவினார். நறநறவென்றது.

"சரக்கு நல்ல சரக்குதான் தம்பி. கிராங்கை அரைச்சவங்க துவாரத்தைக் கழுவல. வாங்கியாந்த பையன் என்ன பண்ணுவான்?"

டிரைவர் வெகுநேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைத் துடைத்துவிட்டு, செல்பேசியுடன் புளியமரத்தடிக்குப் போனார்.

"மாமாதான்டா பேசறேன். சாப்ட்டியா?" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.