வீட்டுப் பட்டறைக்கு மினி லேத்: பணம் கட்டும் முன் அளக்க வேண்டியவை

முன்பு பிட் ஸ்திரீட் என்று அழைக்கப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நடந்தால், நகைக்கடைகளும் பணமாற்றுக் கடைகளும் கண்ணில் படும். அங்கே நகைவேலை செய்யும் ஒருவரும், செம்பனை ஆலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும் ஒரே கேள்வியைக் கேட்கலாம்: “வீட்டில் வைத்துக்கொள்ள நல்ல மினி லேத் எது?” கேள்வி ஒன்றுதான். பதில் ஒன்றல்ல.

நகைக்காரர் திருப்புவது விரல் அகல வளையமும் பித்தளை அச்சும். பிட்டருக்கு வேண்டியது தள்ளுவண்டி புஷ், புல்வெட்டி இயந்திரத்தின் பின், மோட்டார் சைக்கிள் ஸ்பேசர். ஒருவருக்குப் பொருந்தும் லேத் மற்றவருக்குப் பொருந்தாது. சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் வாங்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. 40 கிலோ இயந்திரத்தைத் திருப்பி அனுப்புவதும் எளிதல்ல. ஆகவே பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய கணக்கை இங்கே வரிசையாகத் தருகிறோம்.

முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் திருப்பப் போகும் மிகப் பெரிய துண்டின் விட்டம், மிக நீளமான துண்டின் நீளம், அடிக்கடி பயன்படுத்தும் கம்பியின் பருமன். என்றாவது ஒருநாள் வரப்போகும் வேலையை எழுத வேண்டாம். பத்தில் எட்டு முறை வரும் வேலையை எழுதுங்கள். அந்த மீதி இரண்டு முறைக்கு ஊரில் லேத் பட்டறை இருக்கிறது.

அடுத்து உலோகம். பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் மட்டும் என்றால் சிறிய இயந்திரம் தாங்கும். இரும்பு என்றால் கனம் வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் கனம் வேண்டும்.

விளம்பர எண்களைப் படிப்பது எப்படி

சந்தையில் அதிகம் கிடைக்கும் மினி லேத் ‘ஏழு அங்குல’ வகை. சீனாவின் சீக் நிறுவனத்தின் சி2, சி3 இயந்திரங்களும், அவற்றை ஒத்த பிற தயாரிப்புகளும் பல பெயர்களில், பல வண்ணங்களில் விற்கப்படுகின்றன. அந்த வகையின் எண்களை வைத்தே பார்ப்போம்.

பெட்டுக்கு மேல் 180 மி.மீ. என்று போட்டிருக்கும். அது பெட்டின் மேல் தட்டாமல் சுழலக்கூடிய வட்டத்தின் விட்டம். ஆனால் டூலைத் தாங்கும் கிராஸ் ஸ்லைடுக்கு மேல் இடைவெளி குறைவு. இந்த வகையில் அது ஏறக்குறைய 110 மி.மீ. நீளமான உருளையைத் திருப்ப இந்த இரண்டாவது எண்ணே கணக்கு. கூடவே வரும் சக் 80 மி.மீ. என்றால், அது பத்திரமாகப் பிடிக்கும் அளவு அதைவிடக் குறைவு.

நீளம் 300 அல்லது 350 மி.மீ. என்று இருக்கும். இது இரண்டு முனைகளுக்கு இடையே உள்ள தூரம். ஒரு பக்கம் சக்கைப் பூட்டி, மறு பக்கம் டெயில் ஸ்டாக்கில் டிரில் சக்கையும் டிரில்லையும் மாட்டிய பிறகு பாதிக்கும் குறைவாகவே மிஞ்சும். துளையிடும் வேலை அதிகம் உள்ளவர்கள் 300 மி.மீ. வகையை விட்டு, 350 மி.மீ. வகையை எடுப்பது நல்லது.

ஸ்பிண்டில் துளை 20 மி.மீ. என்றால், அதைவிட மெல்லிய கம்பியை இயந்திரத்தின் பின்பக்கம் வழியாக உள்ளே விட்டு, நுனியை மட்டும் திருப்பலாம். 25 மி.மீ. கம்பியை அப்படிச் செய்ய முடியாது; அறுத்துத்தான் மாட்ட வேண்டும்.

வாட் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 350 வாட், 550 வாட் என்பதைவிட முக்கியமானது மெதுவாகச் சுழலும்போது எவ்வளவு இழுவை இருக்கிறது என்பது. எச்.எஸ்.எஸ். டூலால் மிருதுவான இரும்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 மீட்டர் வேகத்தில் வெட்டலாம். அப்படியானால் 50 மி.மீ. துண்டு நிமிடத்துக்கு 160 சுற்றுதான் சுழல வேண்டும். 6 மி.மீ. பித்தளைக் கம்பி என்றால் 3,000 சுற்றுக்கு மேலும் போகலாம். எனவே நகைவேலைக்கு வேகம், இரும்பு வேலைக்கு மெதுவான இழுவை. வேகத்தைக் குமிழால் மட்டும் குறைக்கும் மோட்டாரின் இழுவை, குறைந்த வேகத்தில் தளர்ந்துவிடும். மேல், கீழ் என இரண்டு கியர் நிலைகள் உள்ளதா, அல்லது பிரஷ் இல்லாத மோட்டாரா என்று கேளுங்கள்.

கடைசியாக எடை. விளம்பரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இதுதான் பெரிய உண்மை. இயந்திரம் இலேசாக இருந்தால் டூல் அதிர்ந்து, இரும்பின் மேல் அலை அலையாகக் கோடு விழும். ஒரே அளவுள்ள இரண்டு இயந்திரங்களில் கனமானதை எடுங்கள்.

நான்கு வகைகள்

மிகச் சிறியவை. சீக் சி0 போன்றவை ஏறக்குறைய 13 கிலோ. மேசையிலிருந்து தூக்கி அலமாரியில் வைக்கலாம். பித்தளை, வெள்ளி, மெழுகு அச்சு, கடிகார வேலைக்கு இவை போதும். இரும்பில் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும்.

துல்லியமான சிறியவை. அமெரிக்காவின் ஷெர்லைன், ஐரோப்பாவின் புரொக்ஸான் பி.டி. 250 ஆகியவை இந்த வகை. ஷெர்லைன் 89 மி.மீ. விட்டம் வரை சுழற்றும். அதன் ஸ்பிண்டில் துளை ஏறக்குறைய 10 மி.மீ. மரை வெட்டும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கியவுடன் பிரித்துச் சரிசெய்யும் வேலை குறைவு. அதற்கேற்ப விலை கூடுதல்.

ஏழு அங்குல வகை. ஏறக்குறைய 40 கிலோ. மரை வெட்டும் லீட் ஸ்குரு கூடவே வரும். வீட்டு ரிப்பேருக்கு விலைக்கும் வேலைக்கும் பொருந்துவது பெரும்பாலும் இதுதான். ஆனால் இது முடிந்த இயந்திரமாக வருவதில்லை. பிரித்து, துடைத்து, ஸ்லைடுகளை இறுக்கி, எண்ணெய் போட்டுச் சீராக்குவது வாங்குபவரின் வேலை. உள்ளே பிளாஸ்டிக் கியர்கள் இருந்தால், சக் எங்காவது முட்டும்போது பல் உடையும். கூடுதல் கியர் ஒரு செட் கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள்.

பழைய கனமான லேத். இங்கிலாந்தின் பீஸ்டனில் மைஃபோர்ட் நிறுவனம் 1946-ல் கொண்டுவந்த எம்.எல்.7 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதுவும் 178 மி.மீ. விட்டம்தான் சுழற்றும். ஆனால் கனத்த வார்ப்பிரும்பு பெட் என்பதால் இரும்பை அமைதியாக வெட்டும். அளவுகள் அங்குலத்தில் இருக்கும். அந்த நிறுவனம் 2011-ல் மூடப்பட்டதால் உதிரிப்பாகங்களைத் தேட வேண்டியிருக்கும்.

மில்லிமீட்டரா, அங்குலமா?

இன்றைய வேலைக்கு மில்லிமீட்டர் இயந்திரம் எடுங்கள். அமெரிக்கச் சந்தைக்குச் செய்தவற்றில் டயல் அங்குலத்தில் இருக்கும்; சிலவற்றில் உள்ளே திருகு மில்லிமீட்டரில் ஓடும்; கணக்கு எப்போதும் சற்றுத் தவறும். மோட்டாரும் 110 வோல்ட்டாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தில் நேராகச் செருகினால் எரிந்துவிடும்.

தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்துப் பம்புகளைப் பழுது பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றின் விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மில்லிமீட்டர் மரையின் கோணம் 60 பாகை. இரண்டுக்கும் டூலைத் தனித்தனியே தீட்ட வேண்டும்.

முழுப் பணத்தையும் இயந்திரத்தில் போடாதீர்கள்

லேத் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. எச்.எஸ்.எஸ். டூல்கள், அவற்றைத் தீட்டும் கிரைண்டர், டிரில் சக், சுழலும் சென்டர், வெர்னியர், டயல் கேஜ், கண்ணாடி எல்லாம் வேண்டும். கோணலான துண்டைப் பிடிக்க நான்கு தாடை சக்கும் பிறகு தேவைப்படும். கையில் 3,000 வெள்ளி இருந்தால் 2,000 வெள்ளியை இயந்திரத்துக்கும் 1,000 வெள்ளியை இவற்றுக்கும் ஒதுக்குங்கள். 3,000 வெள்ளிக்கும் இயந்திரத்தை வாங்கியவர் ஒரு மாதம் அதைத் துடைத்துக்கொண்டுதான் இருப்பார். வெர்னியர் போன்றவற்றை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையிலும் தேடலாம். தாடைகளை மூடினால் பூஜ்யம் காட்டுகிறதா, இடையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழையதை வாங்கும்போது

சாடிலை டெயில் ஸ்டாக் பக்கம் தள்ளி, அங்கே சரியாக ஓடும்படி இறுக்குங்கள். பிறகு சக் பக்கம் கொண்டு வாருங்கள். அங்கே தளர்ந்து ஆடினால் பெட் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த பெட்டைச் சீராக்குவது வீட்டு வேலையல்ல. கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பி, ஸ்லைடு நகராமல் எவ்வளவு தூரம் சும்மா சுற்றுகிறது என்று பாருங்கள். அதைத் திருகும் நட்டும் மாற்றிச் சரிசெய்துவிடலாம்.

ஸ்பிண்டிலின் உள்வாயில் டயல் கேஜை வைத்துக் கையால் சுற்றுங்கள். 0.02 மி.மீ.க்குள் ஆடினால் நல்லது. மூன்று தாடை சக்கில் மாட்டிய கம்பி 0.05 மி.மீ.க்கு மேல் ஆடினாலும் பதற வேண்டாம். அது சக்கின் குணம்.

பட்டறையிலிருந்து வரும் பெரிய லேத்தில் 415 வோல்ட் மூன்று பேஸ் மோட்டார் இருக்கலாம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஒரு பேஸ். மோட்டாரை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

எங்கே வைப்பது

ஜார்ஜ்டவுனின் பழைய கடை வீடுகளில் மாடித் தளம் மரப்பலகையாக இருக்கும். அங்கே லேத் வைத்தால் இயந்திரமும் அதிரும், கீழ் வீட்டாரும் தூங்க மாட்டார்கள். தரைத்தளத்தில், கனமான மேசையில், நான்கு மூலையும் சமமாக உட்காரும்படி போல்ட் போடுங்கள். மேசை முறுக்கிக்கொண்டால் பெட்டும் முறுக்கும், திருப்பும் துண்டு ஒரு பக்கம் தடித்துவிடும். சக்கில் மாட்டிய கம்பியை 100 மி.மீ. நீளத்துக்கு டெயில் ஸ்டாக் இல்லாமல் மெல்லியதாகத் திருப்பி, இரண்டு நுனியையும் அளந்தால் இது தெரிந்துவிடும்.

மூன்று முனை பிளக்கும் எர்த்தும் கட்டாயம். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் உள்ள இயந்திரமாகப் பாருங்கள்.

கடற்காற்றுள்ள ஊரில் ஒரே இரவில் பெட்டில் துரு ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து மெல்லிய இயந்திர எண்ணெய் பூசி, துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். மோட்டார் சைக்கிளிலிருந்து வடித்த பழைய எண்ணெய் வேண்டாம். அதில் உலோகத்தூளும் அமிலமும் இருக்கும்.

நகைவேலைக்கும் இரும்பு வேலைக்கும் ஒரே லேத்தை வைத்திருப்பவர்கள் தட்டைத் தனித்தனியாக வைக்க வேண்டும். தங்கத்தூளில் இரும்புத்தூள் கலந்தால் உருக்கும்போது நட்டம். காந்தத்தை ஓட்டி இரும்பைப் பிரித்துவிட்டே சேர்க்க வேண்டும்.

கை போனால் திரும்பாது

மினி லேத் சிறியது என்பதால் பயம் வருவதில்லை. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கையுறை போடக் கூடாது; சுழலும் துண்டு கையுறையோடு விரலையும் இழுக்கும். முழுக்கை சட்டை, தொங்கும் சங்கிலி, மோதிரம், முந்தானை, அவிழ்ந்த கூந்தல் எதுவும் வேண்டாம். கோயிலில் கையில் கட்டிய கயிற்றையும் அவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்கு வாருங்கள். சக் சாவியைக் கையிலிருந்து விடும் முன் சக்கிலிருந்து எடுத்துவிட வேண்டும். மறந்து ஓடவிட்டால் அது பறந்து வரும். கண்ணாடி எப்போதும் கண்ணில் இருக்கட்டும். இரும்புச் சுருளைக் கையால் இழுக்காமல் கொக்கியாலோ தூரிகையாலோ எடுங்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

இதுவரை லேத்தைத் தொடாதவர்கள், வாங்கும் முன் தொழிற்பயிற்சி நிலையத்தில் குறுகிய பயிற்சி கிடைக்குமா என்று விசாரியுங்கள். கூலிக்கு வேலை எடுக்க நினைப்பவர்கள், வீட்டில் அதைச் செய்ய உரிமம் வேண்டுமா என்று நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக

பித்தளையும் வெள்ளியும் மட்டும் என்றால் துல்லியமான சிறியதை எடுங்கள். கலப்பு வேலை, குறைந்த பணம், பிரித்துச் சீராக்கப் பொறுமை உண்டு என்றால் ஏழு அங்குல 350 மி.மீ. வகை. நாள்தோறும் இரும்பு, தரைத்தளத்தில் இடம், பழையதைச் சோதிக்கத் தெரிந்த நண்பர் என மூன்றும் இருந்தால் பழைய கனமான லேத்.

எதுவானாலும், தாளில் எழுதிய மூன்று எண்களையும் நீங்கள் திருப்ப நினைக்கும் மிகப் பெரிய துண்டையும் கையோடு கடைக்குக் கொண்டு போங்கள். அந்தத் துண்டு சக்கில் பிடித்து, கிராஸ் ஸ்லைடில் தட்டாமல் சுழல்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.