காரியாபட்டி வட்டாரத்தில் மின்னணுவியல்: பழுதுக் கடையிலிருந்து கல்லூரி வரை

காரியாபட்டி, விருதுநகர் மாவட்டத்தில் மதுரை – அருப்புக்கோட்டைச் சாலையில் அமைந்துள்ள ஒரு பேரூராட்சி. சுற்றிலும் மானாவாரி நிலங்கள். இதே மாவட்டத்தில் உள்ள சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களுக்குப் பெயர் பெற்றது. மின்னணுப் பொருள்களுக்கு இப்பகுதி பெயர் பெற்றதில்லை. ஆயினும் இங்குள்ள பிள்ளைகள் மின்னணுவியலைக் கற்றுத் தொழிலாகக் கொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. பழுதுபார்க்கும் கடை, தொழிற்பயிற்சி நிலையமும் பாலிடெக்னிக்கும், பொறியியல் கல்லூரி என்னும் மூன்று வாசல்கள் அவர்களுக்கு அடுத்தடுத்துத் திறந்தன. ஒவ்வொரு வாசலும் சிலரை உள்ளே விட்டது. சிலரை வெளியே நிறுத்தியது.

பார்த்துப் பழகும் மரபு

தொழிலைக் கூடவே இருந்து கற்பது இவ்வட்டாரத்திற்குப் பழக்கமானது. சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, ஊர் திரும்பி அதைத் தொடங்கினார்கள். பின்னர் பட்டாசுத் தொழிலும் அந்த வழியிலேயே வளர்ந்தது.

மின்கருவிகளிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு, எந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே கற்றவர். ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தயாரிக்க முடியும் என்று 1941இல் அறிவித்தார்.

வானொலி ஆர்வலர்கள்

தமிழகத்தில் மின்னணுவியல், ஆர்வலர்களின் முயற்சியாகவே தொடங்கியது. சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பும் தொடங்கியது. பணத் தட்டுப்பாட்டால் 1927இல் கழகம் நின்றுவிட, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. அரசு நிலையங்கள் வருவதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்வலர்கள் ஒலிபரப்பிக் காட்டிவிட்டனர்.

வானொலி சிற்றூர்களுக்குப் பரவியபோது அதைப் பழுதுபார்க்க ஆள் தேவைப்பட்டது. முதல் வாசல் அப்படித் திறந்தது.

பழுதுக் கடை என்னும் பள்ளி

வானொலிக் கடையில் சேர்ந்த பையன் முதலில் டீ வாங்கி வருவான். பெட்டியின் தூசியைத் துடைப்பான். பிறகு சோல்டரிங் அயனைப் பிடிப்பான். ஈயம் சரியாக உருகி ஒட்டாத இணைப்பு வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே தொடர்பு விட்டிருக்கும் என்பதே அவன் கற்கும் முதல் பாடம்.

அடுத்த பாடம் பழுதைத் தேடும் முறை. பெட்டி பாடவில்லையென்றால் முதலில் மின்சாரம் சரியாக வருகிறதா என்று மீட்டரில் பார்ப்பார்கள். பிறகு ஒலிபெருக்கியில் தொடங்கி ஏரியலை நோக்கிப் பின்னோக்கிச் செல்வார்கள். ஸ்குரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு நிலையின் உள்ளீட்டையும் தொடும்போது ஒலிபெருக்கியில் 'டப்' என்று கேட்டால், அங்கிருந்து ஒலிபெருக்கி வரையுள்ள பகுதி நன்றாக இருக்கிறது என்று பொருள். சத்தம் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே பழுது. விடாமல் இரைச்சல் வந்தால், பெரும்பாலும் மின்சாரத்தைச் சீராக்கும் கண்டன்சர் கெட்டிருக்கும். வால்வு வானொலிக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் என்பதால், ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மறுகையால் தொடுவது நல்ல பழக்கமாகச் சொல்லித்தரப்பட்டது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவான டிரான்சிஸ்டர் பின்னர் வானொலியைச் சிறிதாக்கியது. விலையும் குறைந்தது. டிரான்ஸ்பார்மர், நான்கு டயோடு, ஒரு கண்டன்சர் கொண்டு பேட்டரிக்கு மாற்றாகச் செய்யப்படும் எலிமினேட்டர், பல மாணவர்களின் முதல் படைப்பாக அமைந்தது.

1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் அலைகள் தென்மாவட்டங்களை எட்டவில்லை. 1982இல் இலங்கையின் ரூபவாஹினி தொடங்கியதும், உயரமான ஆண்டெனாவும் பூஸ்டரும் வைத்து மதுரைப் பகுதியிலும் அதைப் பார்த்தனர். ஆண்டெனாவை எந்தப் பக்கம் திருப்புவது, பூஸ்டரை எங்கே பொருத்துவது என்ற கேள்விகளுக்குப் பாடநூலைவிடக் கடைக்காரரே விடை சொன்னார்.

இந்தப் பள்ளிக்கு மதிப்பெண்ணும் ஆங்கிலமும் தேவையில்லை. ஆனால் அதற்கும் எல்லைகள் இருந்தன. டிரான்சிஸ்டரை மாற்றத் தெரிந்தவருக்கு அது ஏன் சூடாகிறது என்று கணக்கிடத் தெரியாது. சான்றிதழ் இல்லாததால் தொழிற்சாலை வேலையும் எட்டவில்லை. பெண் பிள்ளைகளுக்கோ அந்தக் கடையின் ஸ்டூல் பெரும்பாலும் கிடைக்கவே இல்லை.

படிப்பின் வழி

1950இல் மத்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ் ஐ.டி.ஐ.கள் பெருகின. அவற்றில் வானொலி, தொலைக்காட்சி மெக்கானிக் என்பது ஒரு பிரிவாக இடம்பெற்றது. கடையில் கற்ற கைக்குச் சான்றிதழ் கிடைக்க இது உதவியது. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் (1954–1963) சிற்றூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது பெருகியது. 1957இல் மதுரையில் தியாகராசர் பொறியியல் கல்லூரி தொடங்கியது.

மின்னணுவியலைத் தனிப் படிப்பாகக் கற்பித்ததில் முன்னோடி, 1949இல் சி. ராஜம் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி. அறிவியல் பட்டம் பெற்றவர்களை அது சேர்த்துக்கொண்டது. எழுத்தாளர் சுஜாதா (எஸ். ரங்கராஜன்) திருச்சியில் இயற்பியல் முடித்துவிட்டு அங்கே மின்னணுவியல் படித்தார். பின்னர் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்காற்றினார். கணினி, சிலிக்கான் சில்லு பற்றித் தமிழில் அவர் எழுதியவை, பாடநூல் கையில் கிடைக்கும் முன்பே பல மாணவர்களுக்கு இத்துறையை அறிமுகம் செய்தன.

1984இல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தபோது, சிவகாசியில் மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியும் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரியும் தொடங்கப்பட்டன. மெப்கோ என்பது உலோகத்தூள் தயாரிக்கும் நிறுவனத்தின் பெயர்; அலுமினியத் தூள் பட்டாசின் மூலப்பொருள்களில் ஒன்று. இவ்வாறு பட்டாசோடு தொடர்புடைய தொழிலின் பெயர் ஒரு பொறியியல் கல்லூரியின் பெயராயிற்று. 1995இல் காரியாபட்டி அருகே புல்லூரில் சேது தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. ஒரு தலைமுறைக்கு முன் மதுரைக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்த படிப்பு, வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவுக்கு வந்தது. வெளியூர் விடுதிக்கு மகளை அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு இந்தத் தொலைவு பெரிய செய்தி. கடை தராத இடத்தைக் கல்லூரி பெண்களுக்குத் தந்தது.

மொழியும் கட்டணமும்

கல்லூரி வாசலிலும் தடைகள் இருந்தன. 1984 முதல் நடந்த நுழைவுத் தேர்வு, பயிற்சி மையம் இல்லாத ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாதகமாக இருந்தது. அதை நீக்கும் சட்டம் 2006இல் இயற்றப்பட்டது. 2010இல் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கிடைத்தது.

மொழித் தடை இன்னும் முழுமையாக நீங்கவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டடவியலும் இயந்திரவியலுமே அதில் இடம்பெற்றன. தமிழில் இயற்பியல் படித்து வந்த மாணவர், மின்தடையும் மின்தேக்கியும் தெரிந்திருந்தும், முதல் பருவத்தில் சொல்லுக்காகத் திணறுகிறார். கடைக்காரரின் மொழியில் அதே பொருள்கள் ரெசிஸ்டர், கண்டன்சர் என்று முன்பே புழங்கியவை.

இன்றைய நிலை

இன்று கல்லூரி அருகில் இருக்கிறது. திறந்து பார்க்கும் பெட்டிதான் அரிதாகிவிட்டது. கைப்பேசியின் பாகங்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியவை. பழுதானால் பலகையையே மாற்றிவிடுகிறார்கள். எனவே ஒரு பழுதைக்கூடக் கண்டுபிடித்துப் பழகாமலே பட்டம் பெற முடிகிறது.

இந்தக் குறையைப் புதிய கருவிகள் ஓரளவு ஈடுசெய்கின்றன. 2005இல் இத்தாலியில் உருவான ஆர்டுயினோ பலகையும், 2012இல் பிரிட்டனில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை கணினியும் மாணவர்கள் தாமே இணைத்துப் பார்க்க ஏற்றவை. 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி தருகிறது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்கள் அதைப் பயன்படுத்தலாம்.

காரியாபட்டி போன்ற ஊரின் பிள்ளைக்கு வழி முன்பைவிட அகலமானது. ஆனால் ஆய்வகம் பூட்டிக் கிடந்தால் பலகை பெட்டிக்குள்ளேயே இருக்கும். பழுதுக் கடையில் யாரும் தேர்வு வைக்கவில்லை. பெட்டி பாடினால் தேர்ச்சி. கெட்டுப்போன எல்.இ.டி. விளக்கு ஒன்றையும் 9 வோல்ட்டில் ஓடும் சிறு சுற்று ஒன்றையும் ஆசிரியரின் கண்காணிப்பில் மாணவர் கையில் தந்து, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பதிலிருந்து அந்தப் படிப்பை மீண்டும் தொடங்கலாம்.