கோப்பில் முடிந்ததும் நிலத்தில் முடியாததும்: பாலாற்றுப் படுகையும் வேளாண் துறைத் தணிக்கையின் தொடர்கண்காணிப்பும்

தணிக்கை சுட்டிய குறை ஒன்று எப்போது தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது? நம் அலுவலக நடைமுறையில் இதற்குத் திட்டவட்டமான விடை உண்டு. மாநிலக் கணக்காயர் அலுவலகம் களத்தணிக்கை முடித்து ஆய்வறிக்கை அனுப்பும். துறை நான்கு வாரத்துக்குள் முதல் பதில் தர வேண்டும். பதில் ஏற்கப்பட்டால் அந்தக் குறையைப் பதிந்த பத்தி நீக்கப்படும், ஏற்கப்படாவிட்டால் நிலுவையில் நிற்கும். கடுமையான குறைகள் தணிக்கை அறிக்கையில் ஏறி, அரசியலமைப்புச் சட்டத்தின் 151-ஆம் பிரிவின்படி ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்தில் வைக்கப்படும். பிறகு பொதுக் கணக்குக் குழு துறைச் செயலாளரை அழைத்து விசாரித்துப் பரிந்துரை வழங்கும், எடுத்த நடவடிக்கை குறித்துத் துறை மீண்டும் எழுத்தில் தெரிவிக்கும். இந்தப் பாதையின் ஒவ்வொரு படியிலும் அளக்கப்படும் அலகு பத்தி. ஏற்கப்படும் சான்று துறையின் பதில். கண்காணிப்புப் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இடம்பெறும் சொல் ‘நிவர்த்தி’.

வேளாண் துறையைப் பொறுத்தவரை இந்த அலகு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். இங்கே குறை நிகழும் இடம் நிலம். அது தீர்ந்ததா என்பதற்கான சான்றும் நிலத்தில்தான் இருக்க முடியும். துறை ஆணை பிறப்பித்தது, நிதி விடுவித்தது, இடுபொருள் வழங்கியது ஆகிய மூன்றும் உண்மையாக இருக்கையிலேயே நிலம் முன்பிருந்ததைவிட மோசமாகியிருக்கலாம். இதை நிறுவ ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் இடையே பாலாற்றங்கரையில் உள்ள மாதனூரையும் அதைச் சூழ்ந்த தோல் தொழில் வட்டாரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் மேற்பார்வை பெரும்பாலும் நீதிமன்றத்தினுடையது, கணக்குத் தணிக்கை அன்று. ஆனால் பரிந்துரை பிறப்பதும் பதில் எழுதப்படுவதும் நிலம் மறக்கப்படுவதும் இரண்டிலும் ஒரே விதமாகவே நடக்கின்றன. நீதிமன்ற வழக்கில் எல்லாம் பொதுப்பதிவில் இருப்பதால் ஆய்வுக்கு அது வசதியானது.

சாட்சி சொன்ன துறை

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் நிலைநிறுத்திய தீர்ப்பாகச் சட்டக் கல்லூரிகளில் இது கற்பிக்கப்படுகிறது. வேளாண்மையைப் பற்றி எழுதுகிறவர் அதே தீர்ப்பில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கை நீதிமன்றம் எங்கிருந்து எடுத்தது? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் நடத்திய ஆய்விலிருந்து எடுத்தது. ஆக, வழக்கில் முதன்மையான சாட்சியம் வேளாண் அறிவியலுடையது.

தீர்ப்புக்குப் பிந்தைய பொறுப்புப் பட்டியலில் அந்தச் சாட்சியைத் தேடினால் காண்பது அரிது. ஆலைகளுக்கு அனுமதி வழங்குவதும் மூடுவதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை ஆயிற்று. ஒவ்வோர் ஆலைக்கும் விதிக்கப்பட்ட 10,000 ரூபாய் அபராதத்தை வசூலிப்பது மாவட்ட ஆட்சியரின் வேலை. இழப்பீட்டைக் கணிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1996 செப்டம்பரில் தனி ஆணையம் அமைந்தது. தொடர்மேற்பார்வையைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் பசுமை அமர்வு ஏற்றது. நிலம் மீண்டும் விளைகிறதா என்று ஆண்டுதோறும் பார்த்துச் சொல்லும் கடமை எவருக்கும் தரப்படவில்லை. நோயைக் கண்டறிந்த மருத்துவரை அனுப்பிவிட்டுச் சிகிச்சையின் பலனைக் கணக்கரிடம் கேட்பது போன்ற ஏற்பாடு இது.

ஆணையம் 2001 மார்ச்சில் தீர்வளித்தது. 1991 முதல் 1998 வரையிலான இழப்புக்கு, சுமார் 29,000 குடும்பங்களுக்கு, ஏறத்தாழ 27 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் குடும்பம் ஒன்றுக்குச் சராசரி 9,000 ரூபாய்ச் சொச்சம், அதுவும் ஏழாண்டு இழப்புக்கு. தொகையின் சிறுமையைவிட எனக்கு உறுத்துவது அந்த முடிவாண்டு. 1998-க்குப் பிறகும் அதே கிணற்றிலிருந்து அதே நீரைத்தான் அந்த நிலங்களுக்கு இறைத்தார்கள். இழப்பீடு என்ற பத்திக்குக் கணக்கு முடிந்த பின்னும் இழப்பு முடியவில்லை.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே மாசு குறித்து மறுபடி தீர்ப்பளிக்க நேர்ந்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, வழங்கப்படாத இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் வழங்கி மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்கவும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட்டு, வழக்கை முடித்துவிடாமல் தொடர் கண்காணிப்பில் வைத்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். இந்த இடைவெளியில் கோப்புகள் உறங்கியதாகச் சொல்ல முடியாது. நிறைய நடந்தது, நிறைய எழுதப்பட்டது. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

நிறைவேறிய பரிந்துரையும் நிறையாத பலனும்

பொது சுத்திகரிப்பு நிலையங்களை எடுத்துக்கொள்வோம். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஆலைகள் கூட்டாக நிலையங்கள் அமைத்தன. எந்தத் தணிக்கைப் பதிவேட்டிலும் இதை ‘நடவடிக்கை நிறைவேறியது’ என்றே எழுதுவார்கள். நிலையத்தின் உள்ளே நடப்பதைப் பார்த்தால் வேறு கதை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உப்பிட்டு வருகிறது. ஆலையில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. கழிவின் உப்பில் பெரும்பகுதி அங்கேயே நீரில் இறங்கிவிடுகிறது. தொடக்கக் கால நிலையங்கள் நுண்ணுயிர் கொண்டு கரிமக் கழிவைச் சிதைத்தன. நாற்றமும் நிறமும் குறைந்தன. கரைந்த உப்பை நுண்ணுயிர் தின்னாது. வெளியேற்றத்துக்கான வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த திடப்பொருள் என்று விதி இருந்தும், அந்தத் தொழில்நுட்பத்தால் அதைத் தொடவே வழியில்லை. பின்னர் எதிர்ச்சவ்வூடுபரவல் இயந்திரங்களும் கழிவுநீரே வெளியேறாத முறையும் வந்தன. அவை உப்பை நீரிலிருந்து பிரித்தன. பிரித்த கலப்பு உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கலாயிற்று. கழிவைத் தேக்கி வைப்பதன் ஆபத்தை, 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டபோது ஊரே கண்டது.

பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. கழுவிக்கொண்டு போக ஓட்டமில்லை. மணலில் இறங்கிய உப்பு கரையோரக் கிணறுகளுக்கு வருகிறது, கிணற்றிலிருந்து வயலுக்கு வருகிறது. நெல் தாங்கும் மண் உவர்மை மீட்டருக்கு ஏறத்தாழ 3 டெசிசீமன்ஸ். அதற்கு மேல் ஏற ஏற விளைச்சல் சரியும். கரும்பு அதற்கும் முன்பே துவளும். தென்னை ஓரளவு தாக்குப்பிடிக்கும். படுகையில் வயல் தென்னந்தோப்பாக மாறியிருந்தால், அதை ஆள் பற்றாக்குறை, கொள்முதல் விலை என்று மட்டும் விளக்கிவிடுவது போதாது. மண்ணின் உவர்மையையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்த நிலையில் வேளாண் துறையிடம் வரும் பரிந்துரை பெரும்பாலும் நிலச் சீர்திருத்தம் பற்றியதாக இருக்கும். அதற்குத் துறையின் கைவசமுள்ள மருந்து ஜிப்சம். களர் மண்ணில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து வெளியேற்றும் என்பதும், வெளியேறிய சோடியத்தை நல்ல நீர் கட்டி வடித்தால் நிலம் தேறும் என்பதும் நிறுவப்பட்ட அறிவியல். இதில் ‘நல்ல நீர்’ என்ற நிபந்தனைதான் உயிர்நாடி. கிணறே உவர்ந்த இடத்தில் ஜிப்சம் இட்டு அந்த நீரையே கட்டினால் வெளியேறிய சோடியத்தின் இடத்தில் புதிய சோடியம் வந்து அமரும். ஆனால் இத்தனை ஏக்கருக்கு இத்தனை டன் ஜிப்சம் மானியத்தில் வழங்கப்பட்டது, பயனாளிகளின் கையொப்பம் பெறப்பட்டது என்று துறை எழுதும் பதிலில் பொய் எதுவும் இல்லை. தணிக்கையர் வவுச்சரைச் சரிபார்ப்பார், இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பார், பத்தியை நீக்குவார். அவர் கடமை தவறினார் என்று சொல்ல மாட்டேன். அவரிடம் கொடுக்கப்பட்ட அளவுகோலில் மண் இல்லை.

பணம் என்றால் எண்ணத் தெரிகிறது

எண்ணக்கூடிய குறையை நம் நிர்வாகம் எவ்வளவு தீவிரமாகத் துரத்தும் என்பதற்கு 2020-இல் வெளிவந்த பிரதமர் கிசான் முறைகேடு சான்று. உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் அத்திட்டத்தில், வட்டார அளவிலான கடவுச்சொற்கள் இடைத்தரகர் கைக்குப் போய், தமிழ்நாட்டில் ஐந்தரை லட்சம் அளவுக்குத் தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டார்கள். 110 கோடி ரூபாய் முறைகேடாகப் போனதாக அந்தச் செப்டம்பரில் வேளாண் துறைச் செயலாளர் அறிவித்தபோதே 32 கோடி மீட்கப்பட்டிருந்தது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள், அலுவலர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள், கைதுகள் நடந்தன. வங்கிக் கணக்கு வாரியாக, ரூபாய் வாரியாக மீட்பு கணக்கிடப்பட்டது. இதே துறை, இதே ஆட்கள், இதே வட்டார அலுவலகங்கள். ஆகவே ‘களத்தில் ஆள் இல்லை, தொடர்கண்காணிப்பு இயலாது’ என்ற பதிலை அப்படியே ஏற்பதற்கில்லை. ஐந்தரை லட்சம் கணக்குகளைத் தனித்தனியே பின்தொடர முடிந்த நிர்வாகத்துக்குச் சில ஆயிரம் புல எண்களைப் பின்தொடர்வது எட்டாத வேலை அன்று.

பின்தொடரும் முறைக்கு வெளிநாட்டு மாதிரி ஒன்று உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகத்தில் இரண்டு கட்டங்களைப் பிரித்தே பதிவு செய்கிறார்கள். தணிக்கையரும் துறையும் என்ன செய்வதென ஒத்துக்கொள்வது ஒரு கட்டம். அதற்கு ஆறு மாதம். ஒத்துக்கொண்டதைச் செய்து முடிப்பது வேறு கட்டம், அதற்குத் தனிக்கெடு. முதலாவது ஆகிவிட்டது என்பதால் பரிந்துரை மூடப்படாது. நிலுவையில் உள்ளவை ஆண்டுக்கு இருமுறை நாடாளுமன்றத்துக்குச் செல்லும் அறிக்கையில் இடம்பெறும். நம்மிடம் பொதுவில் இந்தப் பிரிவினை மங்கலாகவே இருக்கிறது. ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது’ என்ற தொடர் இரண்டுக்கும் நடுவே வசதியாகப் படுத்துக்கொள்கிறது. ஆனால் அமெரிக்க முறையும் செய்து முடித்ததோடு நின்றுவிடுகிறது. ஆம்பூரின் பொது சுத்திகரிப்பு நிலையம் அந்த அளவுகோலின்படியும் முடிந்த பணியே. படுகைக்குத் தேவை மூன்றாவது கட்டம்: விளைவு.

அட்டையில் இல்லாத இரண்டு வரிகள்

இந்த மூன்றாவது கட்டத்துக்கான கருவி ஓரளவு துறையிடமே உள்ளது. 2015 பிப்ரவரியில் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி வீதம் மண் எடுத்து 12 பண்புகள் சோதிக்கப்படுகின்றன. கார அமில நிலை, கரிமச் சத்து, பேரூட்ட நுண்ணூட்டச் சத்துகளோடு மின்கடத்துத்திறனும் அதில் உண்டு. உவர்மையின் நேரடி அளவு அதுதான். மாதனூர் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் கையில் இந்த எண் இருக்கும்போது, அதைத் தணிக்கைப் பதிலின் கட்டாயச் சான்றாக்க ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆயினும் அட்டை நாடு முழுமைக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. உரப் பரிந்துரைக்காகப் பிறந்த அட்டையில் பரிமாற்றச் சோடியம் இல்லை, குரோமியம் இல்லை. தோல் ஆலைக் கழிவு பாய்ந்த நிலத்துக்கு இவ்விரண்டும் இல்லாத சோதனை பாதிச் சோதனை. கிணற்று நீரின் சோதனையும் அதோடு இணைக்கப்படுவதில்லை. நீர் தெரியாமல் ஜிப்சம் பரிந்துரைப்பது எவ்வளவு வீண் என்பதை மேலே பார்த்தோம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். மாசு வேளாண் துறையின் குற்றம் அன்று, பிறர் செய்த கேட்டுக்கு அத்துறையை ஏன் தணிக்கைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்பது ஒன்று. நியாயமான கேள்வி. ஆனால் நான் கேட்பது குற்றப்பொறுப்பை அன்று, சாட்சிப்பொறுப்பை. உவர்மை குறையவில்லை என்று வேளாண் துறை எண்ணோடு எழுதினால், அந்தப் பத்தி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மீது திரும்பும். எழுதாதவரை யார் மீதும் திரும்பாது. தணிக்கையர் மண்ணியல் வல்லுநர் அல்லர் என்பது மற்றது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2011-12-இல் நாட்டின் நீர் மாசு பற்றியே தனிச் செயல்திறன் தணிக்கை வெளியிட்டார் என்பதை நினைவூட்டினால் போதும்.

மாவட்டப் பிரிப்பைத் தனியே சொல்ல வேண்டும். 1996 தீர்ப்பு பேசியது வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டத்தைப் பற்றி. பின்னர் அது வேலூர் ஆயிற்று. 2019 நவம்பரில் அதுவும் மூன்றாகப் பிரிந்தது. மாதனூர் ஒன்றியமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும், ராணிப்பேட்டை தனி மாவட்டமாகவும் போயின; குடியாத்தம் வேலூரிலேயே நின்றது. மக்களுக்கு இதனால் அலுவலகம் அருகில் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஒரே ஆற்றின் ஒரே மாசுக்கு இப்போது மூன்று ஆட்சியர்கள், மூன்று வேளாண்மை இணை இயக்குநர்கள் பதிலளிக்க வேண்டியிருக்கிறது. மாவட்டத்தின் பெயரில் திறந்த பத்தி மாவட்டம் பிரியும்போது திசை தடுமாறும். புல எண்ணின் பெயரில் திறந்த பத்திக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. எந்த மாவட்டத்தில் சேர்ந்தாலும் அந்த வயல் அங்கேயேதான் இருக்கும்.

எனவே முன்மொழிவு இது. இழப்பீட்டைக் கணித்த ஆணையம் அடையாளம் கண்ட குடும்பங்களின் நிலங்களை அடிப்படைப் பட்டியலாகக் கொண்டு, பாலாற்றுப் படுகை முழுவதற்கும் ஒரே பதிவேடு திறக்கப்பட வேண்டும். மண்ணின் மின்கடத்துத்திறன், பரிமாற்றச் சோடியம், குரோமியம், பக்கத்துக் கிணற்று நீரின் கரைந்த உப்பு ஆகிய நான்கும் கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறையும் அதில் ஏற வேண்டும். மாதிரி எடுக்கும்போது உதவி வேளாண்மை அலுவலரோடு நிலத்துக்காரரும் கையொப்பமிட்டு ஒரு படியைப் பெற வேண்டும். சோதனையைத் துறையின் ஆய்வகமும் பல்கலைக்கழகமும் தனித்தனியே செய்ய வேண்டும். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உவர்மை 4 டெசிசீமன்ஸுக்குக் கீழே நின்றால் மட்டுமே அந்தப் புல எண்ணுக்குரிய பத்தியை நீக்கலாம். நிற்காவிட்டால், எத்தனை டன் ஜிப்சம் கொடுத்திருந்தாலும் பத்தி திறந்தே இருக்கும். 1998-ஓடு நின்றுபோன இழப்பீட்டுக் கணக்கும் அந்தந்த வயலுக்கு அந்தந்த ஆண்டுவரை மறுபடி ஓட வேண்டும்.