வரையறுக்கப்படாத நரகம்: கிளாஸ்கோ மாணவரின் சலனப்படம்

சித்திரச் சலனப்படத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெருங் கலைக்கூடங்களின் வரலாற்றையே எழுதிச் செல்கின்றனர். வோல்ற் டிஸ்னியின் கூடத்தில் நூற்றுக்கணக்கானோர் தாள்மேல் தாளாக வரைந்துகொண்டிருந்த 1930களில், ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ கலைக் கல்லூரி மாணவர் சிலர் செய்த முயற்சிகளுக்கு அவ்வரலாற்றிற் கிடைப்பவை ஓரிரு வரிகளே. அவ்வரிகளிலும் நிலைத்தது ஒருவர் பெயர்தான்.

அவர் நோர்மன் மக்லாரன். 1932இல் அக்கல்லூரியிற் சேர்ந்தவர். படம் செய்யும் வேட்கை இருந்தது, கமரா இல்லை. எனவே அவரும் சக மாணவர் ஸ்ரூவாட் மக்கலிஸ்ரரும் தேய்ந்துபோன 35 மில்லிமீற்றர் படச்சுருள் ஒன்றைத் தேடிப் பெற்று, குளியல் தொட்டியில் ஊறவைத்து, அதன் மேற்பூச்சை அகற்றினர். தெளிந்த சுருளின்மீது வண்ண மைகளை நேரடியாகத் தீட்டினர். அப்படம் இன்று இல்லை. ஆனால், வறுமை கற்பித்த அம்முறையை மக்லாரன் பின்னாளில், வசதிகள் யாவும் வாய்த்தபோதும், கைவிடவில்லை என்பது நோக்கத்தக்கது.

1936இல் அவர் சிற்பியான ஹெலன் பிகருடன் இணைந்து ஒரு மௌனப் படத்தை உருவாக்கினார். அதன் ஆங்கிலப் பெயர் கம்பனிப் பெயர்ப்பலகை ஒன்றைப் போல அமைந்தது: 'வரையறுக்கப்பட்ட' என்பதற்குப் பதிலாக 'வரையறுக்கப்படாத' நரகம். ஆயுத வியாபாரிகளை இதைவிடச் சுருக்கமாக எள்ளுதல் அரிது. வரைபடங்கள், பொம்மைகள், தேசப்படங்கள் ஆகியன கட்டங்கட்டமாக அசைந்தன. போர்க்காட்சிகளும் நடித்த காட்சிகளும் அவற்றினூடே வந்தன. மக்களின் வரிப்பணம் ஆயுதமாகி, ஆயுதம் இலாபமாகி, இறுதியிற் சவக்குழியாகும் கணக்கைப் படம் விளக்கியது. பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள், ஊர்வலம் செல்லுங்கள், திரண்டு எதிருங்கள் என்று அது பார்வையாளரை ஏவியது.

இதனை வெறும் பிரசாரம் என்பர் சிலர். பிரசாரந்தான். ஆனால், வரவுசெலவுக் கணக்கைக் கமராவின் முன் நிறுத்திப் படம்பிடிக்க முடியாது. கோடும் பொம்மையுமே அதனைக் காட்ட வல்லன. அவ்வகையில் இங்கு அசைவுச் சித்திரம் அலங்காரமன்று, வாதமாகும்.

அவ்வாதத்தை வரலாறு விரைவிலேயே சோதித்தது. அதே ஆண்டு ஜூலையில் ஸ்பானிய உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆயுதத்தை எதிர்த்த இடதுசாரிகள் பலர், குடியரசுக்கு ஆயுதம் அளிக்குமாறு கோர நேர்ந்தது. மக்லாரனே ஐவர் மொன்ரேகுவின் படப்பிடிப்பாளராக, முற்றுகைக்குள்ளான மட்றிட்டுக்குச் சென்றார். படம் விடைகண்டுவிட்டதாக எண்ணிய வினா மீண்டும் திறந்துகொண்டது.

மாணவர் படங்களைக் கண்ட ஜோன் கிரியர்சன் மக்லாரனை லண்டனுக்கு அழைத்தார். பின்னர் கனடாவுக்கும் அவரே அழைத்தார். மக்கலிஸ்ரர் ஹம்ப்ரி ஜெனிங்ஸின் போர்க்காலப் படங்களைத் தொகுத்தார். ஹெலன் பிகரோ சிற்பத்துக்கும் நாடக மேடைக்கும் திரும்பி, லண்டனில் ராம்பேர் பலே நடனக் குழுவின் ஆடைப் பொறுப்பாளரானார். போரையே பொருளாகக் கொண்ட மக்லாரனின் 'அயலவர்' என்னும் குறும்படம் 1953இல் ஒஸ்கார் பரிசு பெற்றது. பிகர் இறந்ததும் அதே ஆண்டிற்றான்.