மனச்சாட்சிக்கு அத்தாட்சி

1898-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பார்லிமெண்டு நிறைவேற்றிய அம்மை குத்தும் சட்டத்தில் விசித்திரமான ஷரத்து ஒன்று இருந்தது. அம்மை குத்தினால் தன் குழந்தையின் தேக ஆரோக்கியத்துக்குக் கெடுதல் நேரும் என்று மனச்சாட்சிப்படி நம்புகிற தகப்பன், குழந்தை பிறந்து நான்கு மாதங்களுக்குள் இரண்டு மாஜிஸ்திரேட்டுகளின் முன்னிலையில் ஆஜராகி, அந்த நம்பிக்கை மெய்யானதுதான் என்று அவர்களுக்குத் திருப்தி உண்டாகுமாறு செய்துவிட்டால், அவர்கள் ஓர் அத்தாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுப்பார்கள். அதைக் கொண்டுபோய் அம்மை குத்தும் அதிகாரியிடம் சேர்த்துவிட்டால் பிறகு அவனுக்கு அபராதம் இல்லை. வயலுக்கு எல்லைக்கல் நாட்டுவதற்கும், வண்டிக்கு உத்தரவுச் சீட்டு வழங்குவதற்கும் பழகிய ராஜாங்கம், ஒருவனுடைய ஹிருதயத்துக்குள் இருப்பதாக அவன் சொல்லுகிற ஒன்றைப் பரிசோதித்துப் பார்த்து, இருக்கிறது என்றோ இல்லை என்றோ முத்திரை குத்தும் பொறுப்பையும் அன்று ஏற்றுக்கொண்டது. ‘கான்ஷியன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் இந்தச் சட்டப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்த கதை நீளமானது.

சொல்லின் தாய்வீடு லத்தீன். ‘கூட’ என்று பொருள்படும் முன்னொட்டும் ‘அறிதல்’ என்ற வினையும் சேர்ந்து பிறந்தது அது. ஆகவே அதன் ஆதிப்பொருள் கூட அறிதல், அதாவது ஒரு காரியத்தை இன்னொருவனோடு சேர்ந்து தெரிந்து வைத்திருத்தல் என்பதே. ரோமாபுரியில் ஒரு சதியாலோசனை நடந்தால் அதில் உடந்தையாக இருந்தவனையும் இந்தச் சொல்லின் உறவுச் சொல்லாலேயே குறித்தார்கள். பிறகு, வேறு ஒருவரும் உடனில்லாதபோதும் செய்தவனோடு கூட இருந்து அறிகிற ஒருவன் அவனுக்குள்ளேயே இருக்கிறான் என்ற எண்ணம் வலுப்பட்டு, உடந்தைக்காரனுக்கு உரிய சொல் உள்ளிருக்கும் சாட்சிக்கு உரியதாயிற்று. கிரேக்க மொழியிலும் இதே அமைப்பில் ஒரு சொல் உண்டு, அர்ச். சின்னப்பர் தம் நிருபங்களில் எடுத்தாண்டது அதைத்தான். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் அந்த இடங்களில் ‘மனச்சாட்சி’ என்று காண்கிறோம். கிரேக்கரும் ரோமரும் நம்மவரும் அகத்தினுள் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பது, மனித சுபாவத்தைப் பற்றி ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

மத்திய காலத்துப் பண்டிதர்களிடம் இந்தச் சொல் பட்ட பாடு வேடிக்கையானது. வேதாகமத்தை லத்தீனில் பெயர்த்த ஜெரோம் முனிவர், எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட நான்கு முகமுள்ள ஜீவன்களுக்கு வியாக்கியானம் எழுதுகையில், அவற்றுள் கழுகின் முகத்தை, ஆதிக்கொலைகாரனான காயீனிடத்தும் அவிந்துபோகாத மனச்சாட்சியின் பொறி என்று விவரித்து, அதற்கு ஒரு கிரேக்கப் பெயரும் குறிப்பிட்டார். அவர் எழுதியது வழக்கமான கிரேக்கச் சொல்லாகவே இருந்திருக்க வேண்டும் என்றும், ஏடு பெயர்த்த யாரோ ஒருவன் கை தவறியதால் ‘ஸின்டெரெஸிஸ்’ என்ற புதுச் சொல் முளைத்தது என்றும் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருந்தாக வேண்டும் என்பது பண்டிதர் நியாயம். எனவே, ஒருபோதும் பிழைபடாத மூல அறிவு ஸின்டெரெஸிஸ் என்றும், அதை அன்றாடக் காரியங்களுக்குப் பிரயோகிக்கையில் பிழைபடக்கூடியது கான்ஷியன்ஸ் என்றும் பகுத்து, பல நூற்றாண்டு காலம் பாடம் நடத்தினார்கள். ஏடெழுதுவோன் செய்த பிழையிலிருந்து இவ்வளவு பெரிய சாஸ்திரம் கிளைத்ததைச் சிரித்துத் தள்ளிவிடுவதற்கில்லை. ஏனெனில் இந்தப் பகுப்பின் வழியாகத்தான், தவறான மனச்சாட்சியும் அதை உடையவனைக் கட்டுப்படுத்தும், அதை மீறி நடப்பவன் பாபம் செய்தவனே ஆவான் என்ற துணிகரமான முடிவுக்குத் தாமஸ் அக்வினாஸ் வந்து சேர்ந்தார். 1898-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு வித்து இங்கே கிடக்கிறது.

ஆங்கில நாட்டில் இந்தச் சொல் குடியேறுவதற்கு முன்பே அங்கே சுதேசச் சொல் ஒன்று இருந்தது: ‘இன்விட்’, அதாவது உள்ளறிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உலகத்தைத் துறந்து கோயிற்சுவரை ஒட்டிய அறையில் அடைபட்டு வாழ்ந்த தவப்பெண்களுக்காக எழுதப்பட்ட ஒரு நூல், கான்ஷியன்ஸ் என்ற புதிய சொல்லைச் சொல்லிவிட்டு, அது நம்முடைய இன்விட்தான் என்று உடனே உரையும் கூறுகிறது. 1340-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கான்டர்பரி நகரத்து அகஸ்டின் மடாலயத்தைச் சேர்ந்த நார்த்கேட் மைக்கேல் என்ற முதிய துறவி, ஒரு பிரெஞ்சு நூலைக் கென்ட் நாட்டுப் பேச்சுமொழியில் பெயர்த்து முடித்து, அதற்கு ‘அயென்பைட் ஆஃப் இன்விட்’ என்று பெயரிட்டார். உள்ளறிவு திரும்பத் திரும்பக் கடித்தல் என்பது அதன் அர்த்தம். லத்தீனில் பச்சாத்தாபத்துக்கு உரிய சொல்லைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தம் ஊர்ச் சொல்லை வைத்துக் கோத்திருக்கிறார் கிழவர். அவர் தம் கையாலேயே எழுதிய பிரதி இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. மொழிபெயர்ப்பு என்ற வகையில் அது பிழை மலிந்தது என்பது அறிஞர் தீர்ப்பு. ஆனாலும் அந்தத் தலைப்பு ஏறக்குறைய ஆறு நூற்றாண்டு கடந்து ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் ஒரு வாலிபனின் குற்ற உணர்ச்சிக்குப் பெயராக வந்து அமர்ந்தது. இன்விட் மட்டும் வழக்கிறந்துபோயிற்று. நியாயஸ்தலமும் திருச்சபையும் லத்தீனையும் பிரெஞ்சையும் ஆண்டுவந்த தேசத்தில் குடியானவனின் சொல் நிலைப்பது சுலபமல்ல.

நியாயஸ்தலத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பொதுச் சட்டத்தின் கடுமையால் நியாயம் கிடைக்காதவர்கள் அரசனிடம் முறையிட, அரசன் அந்த முறையீடுகளைத் தன் சான்ஸலரிடம் ஒப்படைத்தான். அந்தப் பதவியில் பெரும்பாலும் பிஷப்புகளே இருந்தபடியால், பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய அவர்கள், பிரதிவாதியை வரவழைத்துச் சத்தியம் செய்வித்து, உன் மனச்சாட்சி என்ன சொல்லுகிறது என்று அவனையே விசாரித்தார்கள். சான்ஸலருக்கு ‘அரசனுடைய மனச்சாட்சியின் காவலர்’ என்ற விருதுப் பெயரும் உண்டாயிற்று. ஆளுக்கு ஆள் அளவு மாறுகிற இந்த நியாயம், சான்ஸலரின் பாதத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வதற்கு ஒப்பாகும் என்று சட்ட அறிஞர் ஜான் ஸெல்டன் பிற்பாடு பரிகாசம் செய்தார். பரிகாசத்துக்கு ஆளான அதே மனச்சாட்சிதான் கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. திட்டமான விதி இல்லாத வழக்குகளை நீதி, நியாயம், நல்ல மனச்சாட்சி ஆகியவற்றின்படி தீர்மானிக்க வேண்டும் என்று 1781-ஆம் ஆண்டில் வங்காளத்துக்காக நீதிபதி எலைஜா இம்பே வகுத்த விதி கூறியது. 1873-ஆம் வருஷத்திய சென்னை சிவில் கோர்ட்டுகள் சட்டத்தின் பதினாறாவது பிரிவும் அதையே திருப்பிச் சொல்லிற்று. நம்முடைய முன்சீபுகள் தங்கள் ஜில்லாவில் எந்த மனச்சாட்சியைப் பிரயோகித்தார்கள் என்பது தனியே ஆராய்வதற்குரிய சங்கதி.

பதினாறாம் நூற்றாண்டில் இந்தச் சொல் அரண்மனையைக் கலக்கியது. தமையனின் விதவையை மணந்தது பாபமோ என்று தம் மனச்சாட்சி உறுத்துவதாக எட்டாம் ஹென்றி அறிவித்தார். உறுத்தலுக்கு அன்று ஆங்கிலத்தில் கையாண்ட சொல்லுக்கு லத்தீனில் கூர்மையான சிறு கல் என்பது பொருள். அரசரின் உறுத்தல் ஒரு ராணியை நீக்கிற்று, ஒரு திருச்சபையையே பிரித்தது. அதே மனச்சாட்சியின் பேரால், அரசர் கேட்ட பிரமாணத்தைச் செய்ய மறுத்த தாமஸ் மோர், 1535-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி சிரச்சேதம் செய்யப்பட்டார். அரசருக்கு இருந்தது அத்தாட்சி வேண்டாத மனச்சாட்சி. மோரோ சாட்சியில்லாமல் தனித்து நின்றவர். மறுப்பதற்குரிய காரணத்தைக்கூட நெடுநாள் வெளியில் சொல்லாமல் வைத்திருந்தார்.

கூட அறிதல் என்பது தனியொருவனின் அந்தரங்கமாக மாறிப்போனதை எவரினும் கூர்மையாகக் கவனித்தவர் தத்துவஞானி தாமஸ் ஹாப்ஸ். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போர் விளைத்த நாசங்களுக்குப் பிறகு 1651-இல் ‘லெவியதான்’ என்ற நூலை வெளியிட்ட அவர், இருவரோ பலரோ ஒரே சங்கதியை அறிந்திருப்பதுதான் கான்ஷியன்ஸ் என்றும், அப்படி அறிந்தவர்களே ஒருவருக்கொருவர் தகுந்த சாட்சிகளாவார்கள் என்றும், பிற்காலத்தார் அந்தச் சொல்லை உருவகமாக்கித் தத்தம் அந்தரங்க எண்ணங்களுக்குச் சூட்டினார்கள் என்றும், கடைசியில் தங்கள் புது அபிப்பிராயங்களின்மேல் மோகம் கொண்டவர்கள் அவற்றுக்கே அந்தப் புனிதமான பெயரை இட்டு, அவற்றை மறுப்பது அதர்மம் என்று சாதிக்கிறார்கள் என்றும் குறை கூறினார். ஹாப்ஸுக்குக் கலகக்காரரிடம் இருந்த பயம் இந்த வாக்கியங்களில் தெரிகிறது. ஆனால் சொல்லின் சரித்திரத்தைப் பொறுத்தவரையில் அவர் சொன்னது சரிதான். அந்த நூற்றாண்டிலேயே அதன் வயிற்றிலிருந்து வெறும் உணர்வைக் குறிக்கும் ‘கான்ஷியஸ்னஸ்’ என்ற சொல்லும் தனியே பிரிந்து போயிற்று. ஜான் லாக்கின் தத்துவ நூலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1700-இல் வெளியிட்ட பியர் கோஸ்த், இரண்டுக்கும் ஒரே சொல்லையுடைய தம் மொழியில் வழி காணாமல், அந்தச் சொல்லின் நடுவே ஒரு சிறு கோடு கிழித்து வேற்றுமை காட்டினார்.

இனி அம்மை குத்திய கதைக்கு வரலாம். 1853-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கிற்று. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், ஒரே குழந்தைக்காகத் தகப்பனைத் திரும்பத் திரும்பத் தண்டிக்க இடம் கொடுத்தது. அபராதம் இருபது ஷில்லிங் வரை. செலுத்தாவிட்டால் வீட்டுச் சாமான் ஜப்தி. சாமானும் இல்லாவிட்டால் சிறை. தண்டனை விழுந்ததெல்லாம் பெரும்பாலும் கூலிக்காரர், கைத்தொழிலாளர் குடும்பங்களின் மேல். காலுறைகளும் பாதரட்சைகளும் செய்யும் லெஸ்டர் நகரம் எதிர்ப்புக்குத் தலைநகரமாயிற்று. 1885-ஆம் ஆண்டு மார்ச்சு 23-ஆம் தேதி அங்கே ஒரு லட்சம் பேர் வரை திரண்டதாகச் சொல்லப்படும் ஊர்வலத்தில், அம்மை குத்தும் முறையைக் கண்டுபிடித்த ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கிலிட்டார்கள். 1889-இல் நியமிக்கப்பட்ட ராயல் கமிஷன் ஏழு வருஷம் விசாரித்து, அம்மை குத்துவதால் பலன் உண்டு, ஆனால் ஒரே குற்றத்துக்கு மேலும் மேலும் தண்டிப்பதை நிறுத்த வேண்டும் என்று யோசனை கூறியது. அதன் விளைவே நான் முதலில் சொன்ன ஷரத்து.

வைத்திய விஷயத்தில் அந்தப் பெற்றோர் எண்ணியது பிசகு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெரியம்மை உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 1980-இல் அறிவிக்க முடிந்தது அம்மை குத்தியதனால்தான். ஆயினும், மனச்சாட்சி பிழைபட்டாலும் மனச்சாட்சியே என்ற அக்வினாஸின் பழைய முடிவைச் சட்டம் ஏற்றுக்கொண்டது இவர்கள் காரணமாகவே. ஷரத்திலிருந்த ‘திருப்தி’ என்ற சொல்தான் தகராறுக்கு இடமாயிற்று. சில மாஜிஸ்திரேட்டுகள் வந்தவனை ஒரு வார்த்தையும் கேட்காமல் கையெழுத்திட்டார்கள். வேறு சிலர், உனக்கு வைத்தியம் தெரியுமா, எந்தப் புத்தகத்தில் படித்தாய், யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று குறுக்கு விசாரணை செய்து, திருப்தியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படியிருந்தும் அந்த வருஷம் முடிவதற்குள் வழங்கப்பட்ட அத்தாட்சிகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. 1907-ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணையைக் கைவிட்டு, பிரமாண வாக்குமூலமே போதும் என்று விட்டுவிட்டது. இந்தப் பெற்றோரைக் குறித்துப் பரவிய ‘மனச்சாட்சி மறுப்பாளர்’ என்ற பெயர், வேறொரு காரியத்துக்காகக் காத்திருந்தது.

அந்தக் காரியம் முதல் உலக யுத்தத்தின் நடுவே, 1916-இல் வந்தது. கட்டாய ராணுவ சேவைச் சட்டத்திலும் மனச்சாட்சிக்கு விலக்கு உண்டு. அதைப் பரிசீலிக்க ஊர்தோறும் நடுவர் சபைகள். கடைக்காரர்களும் கவுன்சிலர்களும் நடுவராக வீற்றிருக்க, பக்கத்தில் ராணுவத்தின் பிரதிநிதி ஒருவரும் உட்கார்ந்திருப்பார். ஜெர்மானியன் ஒருவன் உன் தாயைத் தாக்க வந்தால் என்ன செய்வாய் என்பது பல சபைகளில் கேட்கப்பட்ட கேள்வி. பதினெட்டு வயதுப் பையனுக்கு மனச்சாட்சி எங்கிருந்து வந்தது என்று வியந்த நடுவர்களும் இருந்தார்கள். பதினாறாயிரம் பேருக்குமேல் மறுத்தார்கள். அவர்களில் முப்பத்தைந்து பேரைப் பிரான்சுக்குக் கொண்டுபோய், ஜூன் மாதத்தில் பூலோன் நகரத்தில் படையணி முன்னே நிறுத்தி, ஓர் அதிகாரி தீர்ப்பை வாசித்தார்: சுட்டுக் கொல்லப்பட வேண்டும், சற்று நிறுத்தி, தளபதி ஹெய்க் உறுதி செய்திருக்கிறார், இன்னும் நெடுநேரம் நிறுத்தி, பத்து வருஷக் கடுங்காவலாகக் குறைக்கப்பட்டது. பின்னாளில் இந்திய விடுதலையின்போது பிரிட்டிஷ் பிரதம மந்திரியாக இருந்த கிளெமென்ட் ஆட்லி அந்த யுத்தத்தில் மெஸபொடேமியாவில் காயம்பட்டவர். அவருடைய தமையன் டாம், போரிட மறுத்துச் சிறை சென்றவர். 1918-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் மறுப்பாளர் பலருக்கு ஐந்து வருஷ காலம் ஓட்டு இல்லை என்று விதித்தது.

நடுவர் சபைகளின் கடுதாசிகளை அழித்துவிடும்படி யுத்தத்துக்குப் பிறகு உத்தரவு பிறந்தது. மாதிரிக்காக வைத்துக்கொண்ட இரண்டு தொகுதிகளில் ஒன்றான மிடில்செக்ஸ் ஜில்லாவின் அப்பீல் காகிதங்கள் இன்று லண்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அச்சிட்ட விண்ணப்பத்தில் விலக்குக் கோரும் காரணங்கள் எழுத்திட்டு வரிசைப்படுத்தப்பட்டுள்ளன: தொழில், படிப்பு, குடும்பக் கஷ்டம், வியாதி என்று. மனச்சாட்சிக்கு ஒதுக்கிய எழுத்து ‘எஃப்’. பதினோராயிரத்துக்கு மேற்பட்ட அந்தக் காகிதக் கட்டுகளில் ‘எஃப்’ என்று குறித்தவர்கள் இருபதுக்கு ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் கடையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, தாயார் படுக்கையில் கிடக்கிறாள், மூன்று தம்பிகள் ஏற்கெனவே போர்முனையில் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அவற்றுக்கெல்லாம் மெய் சொல்ல அண்டை வீட்டார் இருந்தார்கள்.