வீட்டிலிருந்த வெடிமருந்தும் அமெரிக்கச் சட்டங்களும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில், மரவீடுகள் நெருங்கி நின்ற அமெரிக்கத் துறைமுக நகரங்களில், வேட்டைக்கும் தற்காப்புக்குமென மக்கள் வாங்கி வைத்த வெடிமருந்தே தீ விபத்துகளின்போது பேரச்சமாக மாறியது. குண்டும் மருந்தும் நிரப்பிய துப்பாக்கியைப் பாஸ்டன் நகர வீடுகளுக்குள் கொண்டுசெல்வதை 1783ஆம் ஆண்டுச் சட்டம் தண்டத்திற்குரிய குற்றமாக்கியது. தீயை அணைக்க முன்வருவோரின் உயிருக்கு அத்துப்பாக்கிகள் ஆபத்தானவை என்று அச்சட்டமே காரணம் கூறியது. பிறர் வீட்டுத் தீயை அணைக்க ஓடிவருபவனைக் காக்க வேண்டும் என்னும் இந்த அக்கறையே, பின்வந்த விதிகள் அனைத்தையும்விட மதிக்கத்தக்கது.

மறு ஆண்டில் நியூயார்க், நகர மன்றத்திலிருந்து ஒரு மைலுக்குள் எவரும் ஓரிடத்தில் 28 பவுண்டுக்கு மேல் வெடிமருந்து வைத்திருக்கக் கூடாதென்றும், அதனையும் ஒவ்வொன்றிலும் ஏழு பவுண்டுக்கு மிகாமல் நான்கு கற்சாடிகளிலோ தகர டப்பாக்களிலோ பிரித்தே வைக்க வேண்டுமென்றும் விதித்தது. வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றும் கலந்த அக்காலக் கருமருந்து சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும் என்பதால், ஒரே குவியலாக வைக்காமல் அளவைக் குறைத்துப் பிரித்து வைப்பதே அன்று கைக்கெட்டிய பாதுகாப்பாக இருந்தது.

1884இல் பிரான்சின் பால் வியேல் உருவாக்கிய புகையில்லா மருந்து இந்நிலையை மாற்றியது. நைட்ரிக் அமிலத்தால் பஞ்சைப் பதப்படுத்திப் பெறும் நைட்ரோசெல்லுலோஸே அதன் மூலப்பொருள். அது நாள்பட நாள்பட உள்ளுக்குள்ளேயே சிதைந்து சூடேறும் இயல்புடையது. தூலோன் துறைமுகத்தில் 1907இல் 'இயேனா', 1911இல் 'லிபெர்த்தே' ஆகிய பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் வெடித்ததற்கு இச்சிதைவே காரணமாகக் கருதப்பட்டது. டைஃபீனைலமீன் போன்ற நிலைப்படுத்திகளை, அதாவது சிதைவில் பிறக்கும் வாயுக்களை ஈர்த்துக்கொள்ளும் பொருள்களை, மருந்தில் சேர்க்கும் வழக்கம் பரவியது.

சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளில் மீண்டும் மருந்தும் குண்டும் இட்டுத் தோட்டாவாக்கும் வழக்கம் இன்றும் அமெரிக்க வீடுகளில் உண்டு. அங்குள்ள தேசியத் தீத்தடுப்பு நெறிமுறை, வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை அதன் மூல டப்பாவிலேயே வைக்க இடமளிக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை வைப்பதாயின், ஓரங்குலப் பலகையாலான மரப்பெட்டி தேவை என்கிறது. இரும்புப் பெட்டியே வலியது என்று தோன்றலாம். ஆனால் மூடிய வலிய பெட்டிக்குள் மருந்து எரிந்தால் அழுத்தம் ஏறி வெடிப்பாகிறது, மரமோ சிறிது நேரம் வெப்பத்தைத் தடுத்துப் பின்னர் எளிதில் பிளந்து வாயுவை வெளியேற்றிவிடுகிறது. டப்பாக்களும் குறைந்த அழுத்தத்திலேயே பிளவுபடும்படி செய்யப்படுகின்றன. அடிபட்டால் தீப்பொறி தரும் பிரைமர் என்னும் சிறு கிண்ணங்களுக்கோ வீட்டில் 10,000 என்பதே உச்ச வரம்பு. ஒன்று வெடித்தால் அருகிலுள்ளவையும் சேர்ந்து வெடிக்கக்கூடும் என்பதால், அவற்றைத் தயாரிப்பாளர் தந்த தட்டுகளிலிருந்து எடுத்து ஒன்றாகக் கொட்டி வைப்பதை அத்துறையினர் கண்டிப்பாக விலக்குகின்றனர்.